மூக்குத்தி

ரேஸ் புத்தகத்தில் அவள் மான்சூன் டச்சஸ்.
லாயத்தில் எங்களுக்கு மூக்குத்தி,
வலது நாசிமேல் அரிசியளவு வெள்ளை.

கடைசி வளைவில் காதை மடக்கினாளென்றால்
கோட்டுக்காரர்களும் நாற்காலிமேல் ஏறி நிற்பார்கள்.
ஒன்பது வெற்றி.
பத்தாவதில் முன்னங்கால் நரம்பு.

அப்புறம் எலகங்கா தாண்டிப் பண்ணை.
ஆண்குதிரை வந்து போக அரை நிமிஷம்,
அதற்கு இருபது பக்க ஒப்பந்தம்.
பதினொரு மாசம் சுமந்து
நான் டீக்குப் போகும் நேரம் பார்த்து ஈனுவாள்.

எட்டுக் குட்டி.
ஒன்று ஊட்டியில் மூன்றாவதாக வந்தது.
ஒன்று சிவாஜிநகரில்
மாப்பிள்ளைகளைச் சுமக்கிறதாம்.
மற்றதெல்லாம் ஏலத்தோடு சரி.

இந்த வருஷம் சினை நிற்கவில்லை.
டாக்டர் அவள் பெயருக்கு எதிரே
'காலி' என்று எழுதினார்,
வாடகை வீட்டு வாசலில் தொங்குமே, அந்த மாதிரி.
கொள்ளைப் பாதியாக்கச் சொன்னார் மானேஜர்.
அளக்கிற படி என் கையில்.

இன்று விடியலில்
தேவனஹள்ளிக்கு இறங்கும் விமானம்
தலைக்குமேல் உறுமிப் போனது.
காதை மடக்கினாள்.
வேலிவரை ஒரே ஓட்டம்.

ஜெயித்தாளா தெரியாது.
மூச்சிரைக்கத் திரும்பி வந்து
என் சட்டைப்பையை முகர்ந்தாள்,
கேரட்டுக்கு.