லோரியில் வந்த தெரு

ஓட்டல் லாபியிலிருந்து ஏலக் கிடங்குக்கு
ஒரு தெருவை ஏற்றிப் போகிறோம்
நானும் ஜம்ரியும்.
ஏழடி அகலம், போர்வை சுற்றி, நாடா போட்டு.
சீட்டில் இருந்தது:
இந்தியர் கடைவீதி, பினாங்கு.
ஓவியர் தெரியவில்லை.
கூலி எண்பது வெள்ளி.

பினாங்கு ஸ்திரீட் முனையில் மழை பிடித்துக்கொண்டது.
தார்ப்பாயில் ஓட்டை இருப்பது எனக்குத் தெரியும்,
முதலாளிக்குத் தெரியாது.
இறக்கி, அஞ்சடியில்,
நெய்னாவின் காசுமாற்றும் கடைக் கதவில் சாய்த்தோம்.
போர்வை நழுவியது.

மழைக்கு ஒதுங்கியவர்கள்
வெயிலைப் பார்த்தார்கள்.
நெய் உருக்கி ஊற்றிய மாதிரி வெயில்.
"இந்தச் சூட்டில் ஒருத்தன் சட்டையும் நனையலையே"
என்றான் ரொட்டி போடுகிறவன்.
புடவைக்கடை திரவியமேரி கிட்டத்தில் வந்து
"கண்டாங்கிக்குக் கொசுவம் பின்னாலடா" என்றாள்,
வரைந்தவன் பக்கத்தில் நிற்பதுபோல.
நெய்னா தராசையே பார்த்தார்.
தட்டில் ஒன்றுமில்லை. தட்டு தாழ்ந்திருக்கிறது.
"என்னத்தை நிறுக்கிறான் இவன்?"

நடுவில் ஒரு பாம்பாட்டி.
ஜம்ரி சிரித்துவிட்டான்:
பாம்பு வந்தால் இங்கே பொம்பாவைத்தானே கூப்பிடுவோம்!

நான் தலைகளை எண்ணினேன்.
முப்பத்திரண்டு பேர்.
நம் ஆட்கள் முப்பத்திரண்டு பேர் கூடிய தெருவில்
ஒரு வாய்கூடத் திறக்கவில்லை.
விலை கேட்க ஆளில்லை, திட்ட ஆளில்லை,
பசியாறியாச்சா என்று கேட்கக்கூட.

அப்புறம்தான் வலது ஓரம்.
சட்டம் பாதியில் வெட்டிய ஒருவன்.
நிற்கச் சொல்லியும் நிற்காதவன் போல.
தலையில் பெட்டி, குடை, துணி சுற்றிய தட்டையான ஏதோ ஒன்று.
நாலடி இருக்கும்.
நாடா கட்டிய விதம்
எங்கள் கட்டுதான்.

கொசுவம் தப்பு, தராசு தப்பு, வெயில் தப்பு.
அவன் கழுத்தில் புடைத்த அந்த ஒரு நரம்பு மட்டும்
எப்படிக் கிடைத்தது அவனுக்கு?
இடது கையைக் கீழே கொடுக்காமல்
மேலே பிடித்திருக்கிறான். இரண்டு வருஷம்
நானும் அப்படித்தான் பிடித்தேன்.
இன்றைக்கும் மழை வந்தால் முதலில் கழுத்துக்குத்தான் தெரியும்.

"எவ்வளவுக்குப் போகும்?" நெய்னா கேட்டார்.
நாற்பதாயிரத்தில் தொடங்குவார்களாம்.
அவர் மறுபடி அந்தக் காலித் தட்டைப் பார்த்தார்.

மழை விட்டது.
ஜம்ரி பெரிய கட்டடம் இருந்த பக்கம் பிடித்தான்,
நான் வலது ஓரம்.
"கையைக் கீழே கொடு" என்றேன்.
"கொடுத்துத்தானே இருக்கிறேன்" என்றான் ஜம்ரி.