உப்பைத் தின்றவள்

ஆண்டுக்கு இரண்டு முறை
கண்டாலா மலையிறங்கி வருவாள் ஏரிக்காரி.
பவனா ஏரியில் வளர்ந்த படகு.
சொந்தப் பெயர் விலாவில் இங்கிலீஷில் இருக்கிறது,
பாதி எழுத்து உரிந்துவிட்டது,
நான் வைத்த பெயர்தான் எனக்குப் பழக்கம்.

முதலாளி ஃபர்தூனுக்கு மாண்ட்வாவில் விருந்தாளிகள்.
கயிற்றைப் பிடித்து அலைமேல் வழுக்குவார்கள்,
விழுவார்கள், சிரிப்பார்கள்,
வாய்க்குள் போன கடலைத் துப்புவார்கள்.
இவளுக்குத் துப்பத் தெரியாது.
இன்ஜினைக் குளிரவைக்க உறிஞ்சியதெல்லாம்
உள்ளேயே தங்கும்.

போகும் முன்பே என் வேலை தொடங்கிவிடும்.
ஏரிக்கென்று மாட்டியிருந்த மெக்னீசியக் கட்டியைக் கழற்றி
துத்தநாகக் கட்டியை முடுக்குவேன்.
கடல் எதையாவது தின்றே தீரும்,
இதைத் தின்றுகொள் என்று
ஒன்றை முன்னால் நிறுத்துவது.
எவர்சில்வர் போல்ட் அலுமினியத்தைத் தொடும் இடமெல்லாம்
விரலால் கிரீஸ் வைப்பேன்.
ஒட்டுச்சுவர் வீட்டுக்காரர்கள் மாதிரி அவை இரண்டும்.
ஏரியில் முறைத்துக்கொண்டு மட்டும் இருக்கும்,
உப்பு வந்தால் அடிதடி.

ஒரு மே மாதம் லாரித் தண்ணீர் கிடைக்கவில்லை.
'ஒரே ஒரு நாள்தானே' என்றார் மேனேஜர் சாவந்த்.
தீபாவளிக்கு முன் மூடியைத் திறந்தேன்.
டீயில் ஊறிய பிஸ்கட்டாக
என் கையோடு வந்தது இரும்பு.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான்.
ஊரில் இதைத் திருடனுக்குச் சொல்வார்கள்,
நான் எட்டு சிலிண்டருக்குச் சொல்கிறேன்.

இப்போதெல்லாம்
ஞாயிறு சாயங்காலம் அவள் தாருகானா கொட்டகைக்குள் நுழையும்போதே
பின்னால் ஆயிரம் லிட்டர் டேங்கர்.
டேங்கருக்குப் பின்னால் எதிர்ச் சந்தின் குடங்கள்,
பெயிண்ட் டப்பாக்கள்,
ஒரு குழந்தையின் குளியல் தொட்டி.
அங்கே குழாய் கிடையாது.
இங்கே குழாயே ஒரு படகின் வாய்க்குள் போகிறது.
யாரும் எதுவும் கேட்பதில்லை.
வரிசையில் நின்று
இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

சூடேறும் முன் தண்ணீர் உள்ளறைக்குப் போகாது.
தெர்மோஸ்டாட் என்று ஒரு சின்னக் கதவு,
அது திறக்க வேண்டும்.
வாசலைக் கழுவிவிட்டு
வீட்டைக் கழுவினேன் என்று சொல்ல முடியாதில்லையா.
திறந்த பிறகு
புகைபோக்கியில் வழிவதை விரலில் ஏந்தி நக்கிப் பார்ப்பேன்.
பெட்ரோல் வாடை. உப்பு.
இரண்டு நிமிடம் கழித்து மறுபடி.
குறைந்த உப்பு.
மறுபடி.

சாவந்த் ஒட்டிவைத்த தாளில் முப்பது நிமிடம்.
என் நாக்கின் கணக்கில் பதினொன்று.

பதினொன்றில் சாவியைத் திருப்புவேன்.
டிரெய்லருக்கென்று நான்கு வாளி எடுத்துவைத்துவிட்டு
குழாயை வாசல் பக்கம் நீட்டிப் பிடிப்பேன்.
முதல் குடத்தில் தண்ணீர் விழும் ஓசை கட்டையாக இருக்கும்,
நிறைய நிறைய மெலியும்.
பதிவேட்டில் 'முப்பது' என்று எழுதிக்
கையெழுத்தும் போடுகிறேன்:
ஞா. இம்மானுவேல்.

போன ஞாயிறு ஜுலேகா
நிறைந்த குடத்தைத் தூக்காமல் நின்றாள்.
இடுப்பிலிருந்து ஒரு டம்ளரை எடுத்து
அதிலேயே முகந்து நீட்டினாள்.
'காலையிலிருந்து பார்க்கிறேன்,
அதற்குத்தான் கொடுக்கிறாய்,
நீ குடிப்பதே இல்லை.'

நாக்கில் இன்னும் உப்பு இருந்தது.
வாங்கிக் குடித்தேன்.
லாரியின் துரு வாடை கொஞ்சம் இருந்தது,
சொல்லவில்லை.

பிறகு டிரெய்லரின் அடியில் படுத்தேன்.
பிரேக் டிரம் இரண்டும் பாக்கி.
வில்பட்டைகளின் இடுக்கில்
வெள்ளை வெள்ளையாக
மாண்ட்வா காய்ந்துகொண்டிருந்தது.