அரை இடைவெளி

யஸ்த் நகரத் தண்ணீர் அலுவலகம்,
இரவு பதினொன்றே கால்.
கியூமர்ஸ் அபர்கூஹி என்ற பெயர்
பட்டியலில் இருக்கிறது.
நான் பார்க்கிறேன், மெஹ்ராங்கீஸும் பார்க்கிறாள்.
கிரெப் மட்டும் இல்லை என்கிறது.

பெயர் இல்லாதவருக்கு மதகு திறக்காது.
அவருடைய பிஸ்தா மரங்களுக்கு
இது ஆறாவது நாள்.

"குருட்டுக் கருவி" என்றேன்.
"கண் இல்லாததால்தான் அதற்குத் தெரிகிறது"
என்று கோப்பை உடைத்து
எண்களாகத் திரையில் கொட்டினாள்.
பெயருக்கு நடுவே இருநூறு-பி.
அகலம் சுழியம். நிறம் கிடையாது.
யாரோ எங்கிருந்தோ வெட்டி ஒட்டியபோது
செருப்பு மண்ணாய் உள்ளே வந்தது.

மூவாயிரத்துச் சொச்சம் இருந்தன.
அவளுக்குக் கோபம்.
பி முதல் எஃப் வரை அந்தத் தெருவே வேண்டாம் என்று
ஒரே வரியில் கட்டளை. எண்டர்.
டெர்மினல் ஒன்றும் சொல்லவில்லை.
வேலை முடிந்தால் அது பேசாது.

கியூமர்ஸ் கிடைத்தார்.
நான் தேநீர் ஊற்றப் போனேன்.
திரும்பினால்
அவள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

தெஹ்-பாலா என்ற ஊரைக் காணோம்.

எங்கள் எழுத்துகள் கை கோத்து நடப்பவை.
சில இடங்களில் கையை விட வேண்டும்,
விலகியும் போய்விடக் கூடாது.
அதற்கென்றே ஓர் அரை இடைவெளி, நீம்-ஃபாஸெலெ.
அதற்கும் நிறம் கிடையாது.
அதற்கும் அகலம் சுழியம்.
குடியிருப்பது பி-க்கு அடுத்த வீடு, சி.

களையோடு பயிரும் போயிற்று.
புணரக் கூடாதவை புணர்ந்து நின்றன.
'தண்ணீர் போகிறது' என்று எழுதிய குறிப்பில்
போகிறது என்ற சொல்
தன்மேலேயே முட்டிக்கொண்டு கிடந்தது.

நல்லவேளை, நகல் வைத்திருந்தாள்.
மறுபடி முதலிலிருந்து.
இம்முறை பி. பி மட்டும்.
சி-யைத் தொட்டால் விரலை ஒடிப்பேன் என்று
தன்னிடமே சொல்லிக்கொண்டாள்.
வரிகள் நானூற்றுப் பன்னிரண்டு, கருவி சொன்னது.
கண்ணாலும் ஒருமுறை எண்ணு என்றாள் என்னிடம்.
முன்னூறு வாக்கில் விட்டுவிட்டேன்,
அவளிடம் சொல்லவில்லை.

மூன்று மணிக்கு ஃபோன் செய்தோம்.
அவர் தூங்கியிருக்கவில்லை.
"என் பெயரில் என்னம்மா கோளாறு?"
"ஒன்றுமில்லை, ஐயா. அதை எடுத்துவிட்டோம்."

வெகுநேரம் பேச்சில்லை.
பிறகு ஃபோனை
மதகுப் பக்கம் நீட்டியிருக்க வேண்டும்.
காற்று. எங்கோ ஒரு நாய்.
மறுபடி காற்று.

தண்ணீர் நாலரைக்குத்தான்.
தெரிந்தும்
இந்தப் பக்கம் யாரும் ஃபோனை வைக்கவில்லை.