முப்பது பல்

முதல் தடவை சிறுமலைக்குப் போனபோது
ஏழாவது கொண்டை ஊசியில் இறங்கிவிட்டேன்.
இறங்கினேன் என்பது மரியாதைக்கு.
சைக்கிள் நின்றது, நான் மேலே இருந்தேன்,
அடுத்து இரண்டு பேரும் ரோட்டோரப் புல்லில்.
பின்னால் வந்த வாழைத்தார் வேன்
ஹார்ன் அடிக்காமல் காத்து நின்றது.
முட்டியைவிட அதுதான் வலித்தது.

அன்றைக்கு முன்னால் முப்பத்துநாலு பல், பின்னால் இருபத்தெட்டு.
பெடல் ஒரு சுற்றுச் சுற்றி வர
இரண்டரை மீட்டர் மலையை இழுக்க வேண்டும்.
ஊமச்சிகுளம் பக்கம் மீட்டர் எடுப்பது என் வேலை.
எந்த வீட்டில் எவ்வளவு இழுக்கிறார்கள் என்று
கேட் கேட்டாக, நாய் நாயாகக்
குறித்துக்கொண்டு போகிறவள்
எனக்கு எவ்வளவு லோடு என்று பார்க்காமலே
ஏறியிருக்கிறேன்.

ராத்திரி ஒரு பழைய வெள்ளை அட்டையின் பின்பக்கம்
கணக்குப் போட்டேன்.
எடை எழுபத்தொன்பது.
(எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன்.)
வயது நாற்பத்துமூன்று.
ஏற்றத்தில் நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று,
அதற்குமேல் கால் வரவில்லை.
முன்னால் முப்பது, பின்னால் முப்பத்துநாலு என்றால்
சுற்றுக்கு ஒரு மீட்டர் எண்பத்தைந்து.
அறுபத்தைந்து சுற்றுச் சுற்றினால்
கிட்டத்தட்ட அதே வேகம்.
மலை குறையவில்லை.
மொத்தமாகக் கட்ட முடியாதவர்கள்
கவுண்டரில் வந்து தவணை கேட்பார்களே,
அதுதான்.

இன்னாசி சிரித்தான். அவனுக்கு ஐம்பது பல்.
தட்டையில் போனால் காற்றுக்கே மூச்சு வாங்கும்.
‘முப்பதெல்லாம் பிள்ளைக சைக்கிள்ல இருக்கும்.
பல்லைக் கடிச்சுக்கிட்டு மிதி, சந்தனமாரி.’
கடித்தாயிற்று, இன்னாசி.
கடைவாயில் ஒன்று போயே போய்விட்டது.
இனிக் குறைப்பதைச் சக்கரத்தில் குறைக்கலாம்.

தெற்குவாசல் நாகூர்கனி
நாற்பத்தாறு–முப்பது வரவழைக்கப்
பதினொரு நாள் எடுத்துக்கொண்டார்.
மாட்டும்போது முன்கியரை எட்டு மில்லி இறக்கினார்.
சங்கிலி மாற்றவில்லை.
முன்னால் குறைத்ததைப்
பின்னால் கூட்டினது தின்றுவிட்டதாம்.
பழைய ஐம்பதைத் தாளில் சுற்றிக் கொடுத்தார்.
பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன்,
கிரீஸ் கசிந்து சேலையில் அரை நிலா.

இரண்டாவது சனிக்கிழமை, நாலரை மணி.
நத்தம் ரோட்டுப் பாலத்தில்
இன்னாசியின் சிவப்பு விளக்கு
பீடி அளவாகி, பிறகு அதுவும் இல்லை.
என் கால்கள் தையல் மிஷின் மாதிரி ஓடின,
சைக்கிள் அவ்வளவுதான் என்றது.
இது அட்டையிலேயே எழுதியிருந்த நஷ்டம்.
எழுதியிருந்தாலும்
விளக்கு மறையும்போது கொஞ்சம் கசந்தது.

செக்போஸ்ட். முதல் வளைவு. நாலாவது.
ஏழாவதில் என் புல் அப்படியே இருந்தது,
ஒருத்தி விழுந்த அடையாளமே இல்லாமல்.
பெரிய பல்சக்கரம் இன்னும் ஒன்று
பின்னால் மிச்சமிருப்பது விரலுக்குத் தெரியும்.
தொடவில்லை.
சம்பளத்துக்கு முந்தின வாரம்
பீரோவில் இருக்கும் ஐந்நூறு ரூபாய்போல
இருக்கட்டும் என்று விட்டேன்.
ஒன்பதாவதில் எடுத்துச் செலவழித்தேன்.

சுற்று, சுற்று, ஒரு மீட்டர் எண்பத்தைந்து.
நடந்து போகிறவர் என்னோடு பேசிக்கொண்டே வரலாம்,
அவ்வளவு வேகம்.
பாறைக்குள் எங்கேயோ தண்ணீர் ஒழுகும் சத்தம்.
போன தடவை என் மூச்சு
அதைக் கேட்க விடவில்லை.

போன் அடித்தது. இன்னாசி, மேலே டீக்கடையிலிருந்து:
‘ரெண்டாவது டீ ஓடுது. எங்கே நிக்கிறே?’
‘நிக்கலை. பதிமூணு’ என்றேன்.
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
‘அந்த ரிங்கு என்ன விலை சொன்னான்?’

பதினாலாவது வளைவில்
மேலிருந்து அந்த வாழைத்தார் வேன் இறங்கி வந்தது.
ஓட்டுகிறவர் என்னைப் பார்த்தார்.
இந்தத் தடவை ஹார்ன் அடித்தார்,
நீளமாக, எரிச்சலாக,
ஓரமாப் போ என்று
எல்லோருக்கும் அடிப்பதுபோல.