சுடாத மஞ்சள்

சேன்ட் மாரி கற்சந்தை. ஜூன் வெக்கை.
பக்கத்து மேசையில் ஆரஞ்சு கொழுந்துவிடுகிறது:
அடுப்பில் சுட்ட செவ்வந்திக்கற்கள்,
அடியில் மட்டும் பால்வெள்ளை.
கூட்டமெல்லாம் அங்கே.

சிலுஃப்யாவின் மேசையில் ஏழே கற்கள்.
மான்சாவின் செம்மண் இன்னும் இடுக்குகளில்.
தேன் தீர்ந்த புட்டியைக் கழுவினால்
கடைசித் தண்ணீருக்கு வருமே,
அந்த நிறம்.

பல் டாக்டர் ஓதில் ஒன்றை எடுத்து
விளக்கருகே மெல்லத் திருப்பினாள்.
இந்தப் பக்கம் புகை.
அந்தப் பக்கம் மஞ்சள்.
சுட்ட கல் எப்படித் திருப்பினாலும்
ஒரே பதில்தான் சொல்லும்.

"நுனி உடைந்தது. என் தம்பியின் கடப்பாரை,"
என்றாள் சிலுஃப்யா. "விலையில் கழித்துக்கொள்ளுங்கள்."

ஓதில் கழிக்கவில்லை.
சீட்டெடுத்து ஊர் எழுதினாள், ஆண்டு எழுதினாள்,
பேனாவை மூடாமல் கேட்டாள்:
"தம்பி பெயர்?"