முப்பத்தேழாம் வரிசை

சுக்தீதியில் மழை இல்லாத ஒரு நாள்
செப்டம்பரில் கிடைப்பது அபூர்வம்.
முற்றத்துத் தார்ப்பாய் முழுக்க ஹேசல் கொட்டை காய்ந்தது.
உள்ளே என் திரை முழுக்க
ரெஃப், ரெஃப், ரெஃப்.

வேலிக்குறியில் தொடங்கி
ஆச்சரியக்குறியில் முடிகிற கூப்பாடு.
நேற்று மாலை வரை அங்கே
நூற்றுப்பன்னிரண்டு குடும்பங்களின் பணம் இருந்தது.

சங்கத் தலைவர் எம்சாரி
என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.
"நான் எதையும் தொடவில்லை.
வேண்டாத வரிசை ஒன்றை எடுத்தேன், அவ்வளவுதான்."

எது?

"மூர்மானுடையது. அவன்தான் போலந்து போய்விட்டானே,
கோழி வெட்டும் ஆலைக்கு."

ஆரம்பத்தில் இந்தத் தாளை எழுதியவள் நான்.
இங்கிருந்து இதுவரை கூட்டு என்று
ஒரே வீச்சில் எழுதத் தெரியாமல்
ஒவ்வொரு வீட்டையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல்
கட்டம் கட்டமாகக் கூட்டல்குறி போட்டு எழுதினேன்.
பிறகு கற்றவர்கள் பார்த்துச் சிரித்தார்கள்.
வீச்சில் எழுதியிருந்தால்
மூர்மான் போனது கூட்டுத்தொகைக்கே தெரிந்திருக்காது.
சற்றுக் குறைந்த ஒரு எண்ணாக
அமைதியாக அச்சாகியிருக்கும்.

"நாலு மணிக்கு இத்தாலிக்காரர் வருகிறார்.
போன வருஷம் ஏதோ செய்தாயே,
எல்லாம் சுத்தமாகத் தெரிந்ததே, அதைப் போடு."

போன வருஷம் செய்தது இது:
பருப்பின் எடையை மாதிரியின் எடையால் வகுக்க வேண்டும்.
ஒரு நாள் மாதிரியின் எடையை யாரோ எழுத மறந்தார்கள்.
பூஜ்யத்தால் வகுக்காதே என்று தாள் கத்தியது.
பிழையானால் வெற்றிடம் காட்டு என்று
ஒரு சூத்திரத்தால் அதன் வாயைப் பொத்தினேன்.
தாள் பார்க்க அழகாக இருந்தது.
வெற்றிடத்துக்கு விலை இல்லை.
பதினொரு சாக்குக்கு லம்சிரா
அக்டோபர் முழுக்கக் காத்திருந்தாள்.
நவம்பரில் அவள் கணவன் மூர்மான் பஸ் ஏறினான்.
அதனால்தான் என்று யாரும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

"இந்த முறை கத்தட்டும்" என்றேன்.

சேமித்து மூடிய கோப்பு பின்னால் திரும்பாது.
எடைபோடும் பையனின் ஈரம்பட்ட நோட்டைக் கொண்டுவரச் சொல்லி
முப்பத்தேழாம் வரிசையை மறுபடி நுழைத்தேன்.
பெயர்: லம்சிரா.
ஒவ்வொரு ரெஃப்பிலும் விரல் வைத்து
இதோ இருக்கிறாள், இதோ இருக்கிறாள் என்று காட்டினேன்.
மாதிரி எடை இல்லாத இடத்தில் இனி வெற்றிடம் வராது,
"எடை எழுதவில்லை" என்று வரும், சிவப்பில்.

பிறகு பூட்டு.
ஒரு விஷயம் எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது:
எல்லாக் கட்டமும் பிறக்கும்போதே பூட்டோடுதான் பிறக்கிறது.
தாளைக் காக்கச் சொல்லும்வரை
அந்தப் பூட்டு சும்மா தொங்குகிறது.
ஆகவே பூட்டுவது வேலையில்லை,
எவற்றைத் திறந்து வைப்பது என்பதுதான் வேலை.
எடை, ஈரம், தேதி, மூன்று பத்திகளைத் திறந்தேன்.
மஞ்சள் பூசினேன்.
மற்றதற்குக் கடவுச்சொல்.

எம்சாரியின் மருமகன் நினைத்தால்
தேநீர் ஆறுவதற்குள் உடைப்பான்.
உடைக்கட்டும். இது திருடனுக்குப் போட்ட பூட்டில்லை,
அவசரமான கைக்குப் போட்டது.

எம்சாரி ஒரு கட்டத்தை அழுத்திப் பார்த்தார்.
திரை மறுத்தது.
இன்னொன்றை அழுத்தினார்.
"என் சங்கம்" என்றார் மெதுவாக,
வெளியே போய்க் கொட்டையைப் புரட்டினார்.

மூன்றரைக்கு லம்சிரா வந்தாள்,
ஒன்பது சாக்கு, கடன் வாங்கிய வண்டியில்.
திரையைத் திருப்பிக் காட்டினேன்.
அவள் வரிசையின் கடைசியில்
வேலிக்குறிகள் மட்டும், கட்டம் நிறைய.

"மறுபடியுமா?"

"இது பிழையில்லை.
போன வருஷத்துப் பதினொன்றையும் சேர்த்திருக்கிறேன்.
எண் பெரிது, கட்டம் போதவில்லை."

பத்தியின் ஓரத்தைப் பிடித்து
வலப்பக்கம் கொஞ்சம் இழுத்தேன்.
அவள் குனிந்து
ஒவ்வோர் இலக்கமாக வாசிக்கத் தொடங்கினாள்.