கலம் ஒன்று: தேதி

குறுவைக்கும் சம்பாவுக்கும் நடுவே
கொள்முதல் நிலையத்தில் எனக்கு வேலை இல்லை.
பருவகாலப் பட்டியல் எழுத்தர் என்று பெயர்;
பருவம் போனால் எழுத்தும் போகும்.

மிஞ்சிய பதிவேடு ஒன்று வீட்டில் கிடந்தது,
எட்டுக் கலம் கோடு போட்டது.
தேதி, பெயர், சிப்பம், ஈரப்பதம்,
தள்ளுபடி, நிகர எடை, கையொப்பம், குறிப்பு.
அதில்தான் என் கதையை ஆரம்பித்தேன்.
வேறு மாதிரி எழுத எனக்குத் தெரியாது.

முதல் வரி இப்படி வந்தது:
"மேற்படி செங்கமலம் என்பவர்
சோழசூடாமணி ஆற்றுக்குத் தென்கரையில் பிறந்தார்."
படித்துவிட்டுச் சிரித்தேன்.
யாரோ ஒருத்தி மூட்டையோடு
வரிசையில் நிற்பது போல் இருந்தது.
ஒன்பதாம் பக்கத்தில்தான் அவர் நான் ஆனார்.
புகுந்த வீட்டில் முதல் ராத்திரி பசித்ததைச் சொல்லும்போது
"பசித்தார்" என்று எழுத வரவில்லை.

பக்கிரிசாமி போன வருடத்துக்கு வந்தேன்.
அது எனக்கு மனப்பாடம்.
அடிபம்புத் தண்ணீரைக் குடத்தில் வைத்து
ஆடிப்பெருக்குக் கும்பிட்ட வருடம்.
காய்ந்த படித்துறையில், நாலு பேர் கேட்க,
"நீ இருக்கறதும் ஒண்ணு, இல்லாததும் ஒண்ணு" என்றேன்.
மூன்றாம் நாள் அவன் இல்லை.
சொல்லால் புருஷனைத் துரத்தினவள் என்று
ஊர் சொன்னது ஒரு வருடம்.
நான் சொன்னது இருபத்தொன்பது வருடம்.

ஆனால் முதல் கலம் காலியாக இருந்தால்
எனக்குக் கை ஓடாது.
ஆனியிலிருந்தே போட்டுக்கொண்டு வந்தேன்.

ஆனி 19. மேட்டூர் திறக்கவில்லை. ஆற்றில் ஆடு மேய்கிறது.
ரேஷன் அரிசியைத் தலையில் சுமந்து வந்தேன்.
சைக்கிள் ரிப்பேர் என்றான்.
(குறிப்பு: சைக்கிள் திரும்பி வரவே இல்லை.)
ஆனி 27. குடவாசல் கடைத்தெருவிலிருந்து தகரப் பெட்டி.
தம்பிக்கு என்றான். தம்பிக்கு ஏது பயணம்?
ஆடி 6. ஸ்டுடியோவில் படம் எடுத்துக்கொண்டான்.
மூன்று பிரதி. வீட்டுக்கு வந்தது இரண்டு.
ஆடி 18. என் சொல்.

பேனாவை வைத்துவிட்டேன்.
பெட்டி முந்தி. சொல் பிந்தி.
இத்தனை காலம் வரிசையை மாற்றி
அடுக்கி வைத்திருக்கிறேன்.
நெல் கணக்கில் இதைச் செய்திருந்தால்
தணிக்கையில் முதல் நாளே பிடித்திருப்பார்கள்.

அழவில்லை. எழுந்து இரண்டு தோசை சுட்டேன்.
மூன்றாவதும் சுட்டேன்.
அன்றிரவு தூங்கியவள்
பால்காரர் மணி அடித்ததையும் கேட்கவில்லை.

எல்லாம் இப்படி முடியவில்லை.
முப்பத்தோராம் பக்கத்தில் பாப்பாத்தி நிற்கிறாள்.
தை மாதத்து மழை. ஈரப்பதம் இருபத்திரண்டு.
"காயவச்சு நாளைக்கு எடுத்துட்டு வா" என்றேன்.
நாளைக்கும் மழை. மறுநாளும்.
உள்ளே தார்ப்பாய் ஒன்று மடித்தபடி கிடந்தது.
கொடுக்க விதியில்லை என்று சொல்லிக்கொண்டேன்,
அவளிடம் அல்ல, எனக்குள்.
எட்டுச் சிப்பமும் சாக்கோடு முளைத்தன,
பச்சையாக, பார்க்க அழகாக.

இதை நான் மறந்தே போயிருந்தேன்.
எழுதினால் பாரம் குறையும் என்பார்கள்.
இது ஏறியது.
ஆனால் எங்கே இருக்கிறது என்று இப்போது தெரியும்.
போன வாரம் அவள் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன்.
பூட்டியிருந்தது.
மகள் வீட்டுக்குத் திருவாரூர் போயிருக்கிறாளாம்.
வரட்டும்.

சில பக்கங்களில் தேதி மட்டும் இருக்கிறது.
ஒன்றில் அதுவும் இல்லை.
என்ன எழுதுகிறாய் என்று மகன் கேட்டான்.
கணக்கு என்றேன்.

தை பத்தில் நிலையம் திறக்கிறார்களாம், போன் வந்தது.
இன்னும் நாற்பது பக்கம் இருக்கிறது.
கையொப்பக் கலத்தில் இதுவரை
வந்து நின்றவர்கள்தான் போட்டார்கள்,
சிலர் கைநாட்டு.
வரிக்கு வரி நான் போடும்போது
ஒவ்வொன்றும் ஒரு மாதிரி விழுகிறது.
முந்தாநாள் போட்டது
என் கையெழுத்து மாதிரியே இருந்தது.